பாடநூலுக்கும் மதிப்பெண்ணுக்கும் நடுவே: கணிதத் திட்டங்களை மதிப்பிடும் வேலை

பள்ளியில் கணிதம் நடத்திக்கொண்டிருக்கிற நீங்கள் கல்வி ஆய்வுக்கு மாறலாமா என்று யோசிப்பதாகச் சொல்லி இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். கணிதத் திட்டங்களையும் ஆசிரியர் பயிற்சிகளையும் மதிப்பிடுகிறவர் நாள் முழுக்க என்னதான் செய்கிறார் என்பது ஒன்று. திட்டத்துக்கு முன்னால் ஒரு தேர்வு, பின்னால் ஒரு தேர்வு வைத்து மதிப்பெண்ணைக் கழித்துப் பார்த்தால் முடிந்துபோகிற விஷயத்துக்கு ஆயுள் முழுக்க ஒரு வேலை எதற்கு என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சொன்னாலே முதலாவது பாதி புரிந்துவிடும், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1973இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்கிற ஆய்வாளர் ஒரே ஒரு சிறுவனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவன் பெயர் பென்னி. வயது 12, ஆறாம் வகுப்பு, அமெரிக்கப் பள்ளி. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் பயிற்சித்தாள்களை முடித்து, விடைகளைச் சரிபார்த்து, தேறினால் அடுத்த படிக்குப் போகிற ஒரு திட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. பென்னி அதில் நன்றாக ஏறிக்கொண்டிருந்தான், கணக்கில் கெட்டிக்காரன் என்றுதான் ஆசிரியரும் நினைத்தார். எர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தார். 2/10 என்பதைத் தசமத்தில் எழுது என்றால் 1.2 என்றான். 5/10 என்றால் 1.5. 1/8 என்றால் .9. மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டி, எங்கேயாவது ஒரு புள்ளி வைத்துவிடுவது அவனுடைய விதி. .3 உடன் .4ஐக் கூட்டினால் .07 என்றான். இத்தனைக்கும் அவன் மந்தமாக இருந்தவன் அல்ல, நிறைய யோசித்து, தனக்குத் தானே விதிகள் செய்துகொண்டு, விடைத்தாளில் இருக்கிற விடையை எப்படியாவது பிடிப்பதுதான் கணக்கு என்ற முடிவுக்கு வந்திருந்தான். அந்தத் திட்டத்தின் பதிவேட்டைப் பார்த்தால் அவன் வெற்றிக்கதை. அவனோடு பேசினால்தான் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரியும்.

கணிதக் கல்வி ஆய்வுக்கு வருகிற எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தப் பென்னியின் கதையைத்தான். ஒரு திட்டம் எழுதப்பட்ட பக்கத்துக்கும் பிள்ளை எழுதுகிற விடைக்கும் நடுவில் ரொம்ப தூரம் இருக்கிறது. திட்டத்தை ஆசிரியருக்குச் சொல்லித்தர வேண்டும், அவர் அதைத் தனக்குத் தெரிந்த கணிதத்தை வைத்துப் புரிந்துகொள்வார், புரிந்ததில் ஒரு பகுதியை வகுப்பில் செய்வார், பிள்ளை அதிலிருந்து தனக்கு முடிந்ததை எடுத்துக்கொள்வான், அதில் ஒரு துண்டுதான் தேர்வில் தெரியும். இத்தனை கண்ணியில் எது அறுந்தாலும் கடைசி எண் ஒன்றுதான். எங்கே அறுந்தது என்று அந்த எண் சொல்லாது. அந்த நடுப்பகுதியைப் பார்ப்பதுதான் எங்கள் வேலை.

சரி, தேர்வுக்கே வருவோம். எந்தத் தேர்வு என்பதுதான் முதல் சண்டை. திட்டத்தை உருவாக்கியவர்களே வினாத்தாளும் எழுதினால், அவர்கள் நடத்திய மாதிரியே கேள்வி இருக்கும். பின்னங்களை எண்கோட்டில் வைத்துச் சொல்லித்தந்த திட்டம் எண்கோட்டுக் கேள்விகளில் ஜெயிக்கத்தான் செய்யும், எண்கோட்டையே பார்க்காத இன்னொரு வகுப்புப் பிள்ளைகள் அதே கேள்வியில் திணறத்தான் செய்வார்கள். இதைக் கொண்டுபோய் "பின்னம் நன்றாகப் புரிகிறது" என்று எழுத முடியாது. மாறாக, மாநிலமோ அரசோ எல்லோருக்கும் நடத்துகிற பொதுத் தேர்வை எடுத்தால், அது நாற்பது தலைப்புகளைத் தொட்டுச் செல்லும், உங்கள் திட்டம் தொட்ட பின்னத்துக்கு அதில் மூன்று கேள்வி இருந்தால் பெரிது. நிஜமாகவே நடந்த கற்றல்கூட அதில் கரைந்துபோகும். அதனால் நல்ல ஆய்வில் இரண்டும் இருக்க வேண்டும், திட்டத்துக்கு நெருக்கமானது ஒன்று, தூரமானது ஒன்று. இரண்டிலும் வருகிற எண்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் கலந்து ஒரு சராசரி போட்டு எழுதியிருக்கும் அறிக்கையைக் கண்டால் நான் அங்கேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவேன்.

அப்புறம் முன் தேர்வு, பின் தேர்வு என்று சொன்னீர்களே, அதில் ஒரு பெரிய ஓட்டை. பிள்ளைகள் எப்படியும் ஒரு வருஷத்தில் வளர்கிறார்கள். அமெரிக்கப் பொதுத் தேர்வுகளை வைத்து 2008இல் கணக்கிட்டபோது, மழலையர் வகுப்பு முடிவிலிருந்து முதல் வகுப்பு முடிவு வரை கணிதத்தில் பிள்ளைகள் சராசரியாக 1.14 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு) வளர்வது தெரிந்தது. உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருஷத்துக்கு வந்தால் அந்த வளர்ச்சி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்கிற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அதாவது, சின்ன வகுப்பில் எந்தத் திட்டத்தை வைத்தாலும் முன்னும் பின்னும் கழித்தால் பிரமாதமாகத் தெரியும், பெரிய வகுப்பில் நல்ல திட்டம்கூட சப்பென்று தெரியும். திட்டம் இல்லாமல் இருந்திருந்தால் இதே பிள்ளைகள் எங்கே இருந்திருப்பார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி, அதற்கு ஒப்பீட்டுப் பள்ளிகள் வேண்டும்.

ஒப்பீட்டுப் பள்ளிகள் எப்படிக் கிடைக்கும்? விருப்பப்பட்டு முன்வந்த பள்ளிகளையும் வராத பள்ளிகளையும் ஒப்பிட்டால், முன்வருகிற பள்ளியில் ஏற்கெனவே ஊக்கமான தலைமை ஆசிரியர் இருக்கிறார், அதைத்தான் அளந்திருப்பீர்கள். அதனால்தான் சீட்டுக் குலுக்கிப் போடுகிற முறை. விருப்பம் தெரிவித்த எல்லாப் பள்ளிகளிலும் பாதிக்கு இப்போது திட்டம், மீதிக்கு இரண்டு வருஷம் கழித்துத் திட்டம் என்று குலுக்கலில் பிரிப்பது. இது நியாயமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். திட்டம் நல்லதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் இந்த ஆய்வே வேண்டாம் என்பதை உட்கார்ந்து பொறுமையாகச் சொல்ல வேண்டியது ஆய்வாளரின் வேலையில் பாதி. இன்னொன்றும் உண்டு. ஒப்பீட்டுப் பள்ளி கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. அங்கேயும் ஏதோ ஒரு பாடநூல், ஏதோ ஒரு பயிற்சி நடந்துகொண்டிருக்கும். அது என்ன என்று பதிவு செய்யாத ஆய்வில் "பலன் 0.1 திட்ட விலக்கம்" என்று வந்தால், எதைவிட 0.1 என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவார்கள், ஒரே ஆசிரியர், ஒரே சூழல். மதிப்பெண் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கு பள்ளிகளுக்கு இடையில் இருப்பது சாதாரணம். அப்படியானால் 50 பள்ளிகளில் பள்ளிக்கு 25 பேர் என்று 1250 பிள்ளைகளைச் சோதித்தாலும், தனித்தனியாகப் பொறுக்கி எடுத்த சுமார் 215 பிள்ளைகள் தருகிற துல்லியம்தான் கிடைக்கும் (25இல் ஒன்று கழித்து 0.2ஆல் பெருக்கி 1 கூட்டினால் 5.8, அதால் 1250ஐ வகுத்துப் பாருங்கள்). ஆயிரம் பிள்ளைகளைச் சோதித்தோம் என்று பெருமையாகச் சொல்கிற அறிக்கையில் உண்மையில் எத்தனை பள்ளிகள் என்று பாருங்கள். நான்கு பள்ளி என்றால் அது சுமார் இருபது பேரிடம் விசாரித்த மாதிரிதான்.

இதையெல்லாம் கவனிக்காமல் எவ்வளவு ஆய்வுகள் குவிந்தன என்பதற்குப் பதிவு இருக்கிறது. அமெரிக்காவில் 1989இல் கணித ஆசிரியர்களின் தேசிய அமைப்பு புதுத் தரநிலைகளை வெளியிட்டது, அதையொட்டித் தேசிய அறிவியல் நிறுவனத்தின் பணத்தில் பல பாடத்திட்டங்கள் எழுதப்பட்டன. அவற்றில் 13ஐயும் தனியார் பதிப்பகங்களின் 6ஐயும் பற்றி வந்த மதிப்பீடுகளை ஒரு தேசியக் குழு அலசி 2004இல் அறிக்கை கொடுத்தது. 698 ஆய்வுகளை எடுத்தார்கள், முதல் சல்லடையில் 192 மிஞ்சின. அவற்றை வைத்துத் தனித்தனி திட்டங்கள் பலன் தருகிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று முடித்தார்கள். ஆசிரியர் பயிற்சியில் இன்னும் மோசம். பள்ளிக் கணித ஆசிரியர் பயிற்சி பற்றிய 643 ஆய்வுகளை 2014இல் பரிசீலித்தபோது, பயிற்சியால் பலன் உண்டா என்று முறையாகப் பார்த்தவை 32, அதில் கடுமையான தரத்தைத் தாண்டியவை 5, அந்த ஐந்திலும் நல்ல பலன் கண்டவை 2. உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சிக்குக் கொட்டுகிற பணத்தையும், அதற்காக ஆசிரியர்கள் விட்டுக்கொடுக்கிற விடுமுறை நாட்களையும் நினைத்தால் எனக்கு இது இன்றைக்கும் பொறுக்க முடியாத விஷயம்.

இப்போது இந்த வேலையின் நடுப்பகுதிக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். ஆசிரியர்.

1990இல் டேவிட் கோஹன் எழுதிய ஒரு ஆய்வை இந்தத் துறையில் எல்லோரும் படிப்பார்கள். கலிபோர்னியா மாநிலம் கணிதம் கற்பிக்கும் விதத்தையே மாற்றப் பார்த்த காலம். திருமதி ஊப்ளியே என்று புனைபெயர் கொடுத்த ஓர் ஆசிரியரின் வகுப்பில் அவர் போய் உட்கார்ந்தார். அந்த அம்மா மாற்றத்தை மனசார ஏற்றவர், தன் வகுப்பே தலைகீழாக மாறிவிட்டது என்று நம்பியவர். வகுப்பில் புதுப் பொருட்கள், குழுச் செயல்பாடு, மதிப்பிட்டுச் சொல்லும் பயிற்சி எல்லாம் இருந்தன. ஆனால் கணக்கு என்பது சரி அல்லது தப்பு, அதைச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர் என்கிற பழைய நம்பிக்கைக்குள்ளேதான் அத்தனையும் நடந்தது. பிள்ளை ஏன் அப்படி நினைத்தது என்ற கேள்வி வரவே இல்லை. அவரிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து "புது முறையைப் பின்பற்றுகிறீர்களா" என்று கேட்டிருந்தால் "ஆம், முழுமையாக" என்று நேர்மையாகவே எழுதியிருப்பார். ஆசிரியர்களிடம் சொந்த வாக்குமூலம் மட்டும் வாங்கி முடிக்கிற மதிப்பீடுகளை நான் நம்பாததற்குக் காரணம் அவர்கள் பொய் சொல்வார்கள் என்பதல்ல. தான் பார்க்காத ஒன்றை யாராலும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

ஊப்ளியே ஏன் அந்தப் பழைய நம்பிக்கையிலேயே நின்றார்? தெரிந்த கணிதம் அதுவரைதான் போனது. லிப்பிங் மா என்கிற ஆய்வாளர் அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு கேள்வி கேட்டார், 1¾ஐ ½ஆல் வகுங்கள், அதற்குப் பொருந்துகிற ஒரு கதைக்கணக்கும் சொல்லுங்கள் என்று. அமெரிக்க ஆசிரியர்களில் பாதிக்கும் குறைவானவர்களே 3½ என்ற விடைக்கு வந்தார்கள், சீன ஆசிரியர்கள் எல்லோரும் வந்தார்கள். அதைவிட முக்கியம் கதை. அமெரிக்கத் தரப்பில் பலர் "1¾ஐ இரண்டு பேருக்குச் சமமாகப் பிரி" என்றார்கள். அது 2ஆல் வகுப்பது, ½ஆல் வகுப்பது அல்ல. 1¾ லிட்டர் இருக்கிறது, அரை லிட்டர் புட்டிகளில் ஊற்றினால் எத்தனை புட்டி நிறையும் என்பது மாதிரி ஒரு கதை அவர்களுக்கு வரவில்லை. இந்த இடத்தில் இடறுகிற ஆசிரியரிடம் எவ்வளவு நல்ல பாடநூலைக் கொடுத்தாலும், பிள்ளை "வகுத்தால் சின்னதாகத்தானே ஆகணும், ஏன் பெரிசாச்சு?" என்று கேட்கும் நிமிஷத்தில் பாடநூல் உதவிக்கு வராது.

இந்த அறிவு கல்லூரிக் கணிதம் அல்ல, அதை விளங்கிக்கொள்வது முக்கியம். 52இலிருந்து 38ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை இப்படிச் செய்கிறாள்: 50இல் 30 போனால் 20, 2இல் 8 போனால் குறை 6, 20இல் 6 போனால் 14. பக்கத்தில் இருப்பவன் 26 என்று எழுதியிருக்கிறான், 2இல் 8 போகாது என்று திருப்பி 8இல் 2ஐக் கழித்துவிட்டான். இருவரும் முழித்தது ஒரே 2, 8இல்தான். முதல் பிள்ளையின் வழி எல்லா எண்ணுக்கும் சரிவருமா, மூன்று இலக்கத்தில் என்ன ஆகும், அதை எப்படிப் பலகையில் எழுதினால் இரண்டாவது பிள்ளைக்குத் தன் தப்பு தெரியும், இதெல்லாம் ஒரு பொறியாளருக்குத் தேவைப்படாத கணிதம். ஆசிரியருக்குத் தினமும் வேண்டும். இந்த வகை அறிவை அளக்கக் கேள்விகள் செய்து, 2005இல் ஹெதர் ஹில், பிரையன் ரோவன், டெபோரா பால் மூவரும் முதல், மூன்றாம் வகுப்புகளில் காட்டினார்கள்: இந்த அறிவு கூடுதலாக உள்ள ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் அந்த வருஷத்தில் கூடுதலாக முன்னேறினார்கள்.

அப்படியானால் ஆசிரியர்களுக்குக் கணிதம் சொல்லித்தந்தால் போதுமே என்று தோன்றும். எனக்கும் அப்படி நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுதான் ஆசை. ஏழாம் வகுப்பு ஆசிரியர்களுக்குப் பின்னம், தசமம், விகிதம் இவற்றில் தீவிரப் பயிற்சி கொடுத்துப் பள்ளிகளைக் குலுக்கலில் பிரித்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 2010, 2011இல் வந்தன. முதல் வருஷத்தில் ஆசிரியர்கள் பிள்ளைகளின் யோசனையை வெளியே கொண்டுவரும் பழக்கம் கொஞ்சம் கூடியது. ஆசிரியர் அறிவிலும் பிள்ளைகளின் மதிப்பெண்ணிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, இரண்டாம் வருஷம் முடிந்த பிறகும் இல்லை. அதே ஆய்வுக் குழுவினர் 2016இல் இன்னொன்று வெளியிட்டார்கள், நான்காம் வகுப்பு ஆசிரியர்களுக்கு 93 மணி நேரம், பெரும்பகுதி நேரடியாகக் கணிதம். இந்த முறை ஆசிரியர் அறிவு நன்றாகவே உயர்ந்தது, கற்பிக்கும் விதத்திலும் சில அம்சங்கள் மேம்பட்டன. பிள்ளைகளின் மதிப்பெண் உயரவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசி எண் இரண்டிலும் ஒன்றேதான், பலன் தெரியவில்லை. ஆனால் ஒன்றில் சங்கிலி ஆசிரியர் அறிவிலேயே அறுந்திருக்கிறது, மற்றொன்றில் அதைத் தாண்டி வகுப்பறைக்கும் பிள்ளைக்கும் நடுவில் அறுந்திருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டுக்கும் வேறு வேறு. நடுவில் அளக்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் இரண்டையும் ஒரே குப்பைத்தொட்டியில் போட்டிருப்போம்.

அறுபடாமல் போன உதாரணமும் உண்டு. 1989இல் தாமஸ் கார்ப்பெண்டர், எலிசபெத் ஃபெனமா குழுவினர் விஸ்கான்சினில் முதல் வகுப்பு ஆசிரியர்கள் 40 பேரைக் குலுக்கலில் பிரித்து, பாதிப் பேருக்கு ஒரு கோடைப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் புதுப் பாடநூல் கிடையாது, இப்படி நடத்துங்கள் என்ற கட்டளை கிடையாது. சின்னப் பிள்ளைகள் கூட்டல், கழித்தல் கதைக்கணக்குகளை எப்படி எப்படியெல்லாம் யோசித்துத் தீர்க்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லித்தந்தார்கள். அந்த ஆசிரியர்கள் கதைக்கணக்குகளில் கூடுதல் நேரமும், கூட்டல் வாய்ப்பாட்டுப் பயிற்சியில் குறைந்த நேரமும் செலவிட்டார்கள், ஆனாலும் அவர்களுடைய பிள்ளைகள் அந்த அடிப்படைக் கூட்டல்களை நினைவிலிருந்து சொல்வதில் பின்தங்கவில்லை. பயிற்சி எத்தனை மணி நேரம் என்பதைவிட, ஆசிரியர் எதைக் கற்றுக்கொள்கிறார், அதை மறுநாளே தன் வகுப்பில் பயன்படுத்த முடியுமா என்பது முக்கியம் என்று நான் நம்புவதற்கு இந்த ஆய்வு ஒரு காரணம்.

பாடநூல்களைப் பற்றியும் கேட்பீர்கள். 2009இல் வெளிவந்த ஒரு குலுக்கல் ஆய்வில் முதல் வகுப்புக்கான நான்கு கணிதப் பாடநூல்களை ஒப்பிட்டபோது, இரண்டு மற்ற இரண்டைவிட 0.24 முதல் 0.30 திட்ட விலக்கம் வரை மேலே நின்றன. கல்வித் துறையில் 0.20க்கு மேல் என்றாலே பெரிது என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம், இது சின்ன எண் அல்ல. ஆனால் 2019இல் ஆறு மாநிலங்களில் 4, 5ஆம் வகுப்புகளை எடுத்துப் பார்த்தபோது பாடநூல்களுக்கு இடையே சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. முன்னதில் பள்ளிகளைக் குலுக்கிப் பிரித்து, பயிற்சியும் கொடுத்து நடத்தினார்கள். பின்னதில் பள்ளிகள் தாங்களாகவே தேர்ந்தெடுத்த நூல்கள், வழக்கமான நிலைமையில். "எந்தப் பாடநூல் சிறந்தது" என்று யாராவது கேட்டால், எந்த வகுப்பில், எந்த ஆதரவோடு, எதோடு ஒப்பிட்டு என்று திருப்பிக் கேளுங்கள், நீங்கள் மழுப்புகிறீர்கள் என்று அவர் நினைத்தாலும் பரவாயில்லை.

இனி நாள் முழுக்க என்ன செய்கிறோம் என்ற கேள்வி. ஆரம்ப வருஷங்களில் பெரும்பாலும் வகுப்பறையில் உட்கார்வது, வீடியோ பார்ப்பது, மதிப்பெண் போடுவது. நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். 4/5, 5/6 இரண்டில் எது பெரிது என்று கேட்டபோது ஒரு பையன் இரண்டும் சமம் என்றான், "ரெண்டிலும் ஒண்ணுதான் குறையுது". நிறைய ஆசிரியர்கள் இந்த இடத்தில் தப்பு என்று சொல்லிப் பொதுப் பகுதி எடுக்கச் சொல்வார்கள், 24/30, 25/30, முடிந்தது. இந்த ஆசிரியர் கொஞ்சம் நின்றார். "சரி, ஒண்ணு குறையுது. இதுல குறையுற ஒண்ணும் அதுல குறையுற ஒண்ணும் ஒரே அளவா?" என்றார். வகுப்பு அமைதியானது, பிறகு பையனே "ஆறாப் பிரிச்சதுதான் சின்னத் துண்டு, அப்ப 5/6ல கம்மியாத்தான் குறையுது" என்றான். மொத்தம் ஒரு நிமிஷம்கூட இல்லை. பிள்ளையின் தவறான காரணத்துக்குள் இருக்கிற சரியான பாதியைப் பிடித்து அதிலிருந்தே நகர்த்தினார் என்று என் தாளில் எழுதிக்கொண்டேன். ஆசிரியர் கற்றிருக்கிறார் என்பதற்கு இதுதான் சாட்சி. பயிற்சி முடிவில் வாங்குகிற "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்ற படிவம் அல்ல.

ஆனால் நான் எழுதிக்கொண்டது மட்டும் போதாது. அதே வீடியோவை இன்னொருவர் என் மதிப்பெண்ணைப் பார்க்காமல் மதிப்பிட வேண்டும், அந்தப் பள்ளி திட்டத்தில் இருக்கிறதா ஒப்பீட்டில் இருக்கிறதா என்பதும் முடிந்தவரை அவருக்குத் தெரியக்கூடாது. இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால் அளவுகோலின் வார்த்தைகளைத் திருத்த வேண்டும், மறுபடி எல்லோரும் பயிற்சி எடுக்க வேண்டும். சலிப்பான வேலை, வாரக்கணக்கில் நடக்கும். இதில் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். பெரிய முடிவுகள் எல்லாம் இந்தச் சலிப்பான வேலையின் மேல்தான் நிற்கின்றன.

கொஞ்சம் மேலே வந்த பிறகு ஆய்வைத் திட்டமிடுவது, நிதிக்கு விண்ணப்பம் எழுதுவது, பள்ளிகளைச் சம்மதிக்க வைப்பது, இளையவர்களுக்குச் சொல்லித்தருவது என்று வேலை மாறும். பல்கலைக்கழகம், தனி ஆய்வு நிறுவனம், அரசுத் துறை, தேர்வு வடிவமைக்கும் அமைப்பு எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், இதில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதில். திட்டத்தை விற்கிறவர்களே மதிப்பீட்டுக்குப் பணம் கொடுத்தால், விளம்பரத்தாளில் போட ஒரு நல்ல வரி வேண்டும் என்று நெருக்குவார்கள். பன்னிரண்டு அளவீடுகளில் ஒன்று மட்டும் நன்றாக வந்திருந்தால் அதை மட்டும் முன்னால் போடச் சொல்வார்கள். அதனால் எந்த அளவீடு முதன்மையானது, தரவை எப்படி அலசப்போகிறோம் என்பதை ஆரம்பிக்கும் முன்பே எழுதிப் பொதுவில் பதிவு செய்துவிடுங்கள், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடும் உரிமை நமக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் வேலையை ஏற்காதீர்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு வாக்குறுதி கொடுக்க வேண்டும், வகுப்பில் நாம் பார்த்தது எதுவும் அவர்களுடைய பதவி உயர்வுக்கோ நடவடிக்கைக்கோ போகாது என்று. அதைக் காப்பாற்றாத ஒருவர் இருந்தால் போதும், அந்த வட்டாரத்தில் அடுத்த பத்து ஆய்வாளர்களுக்கும் கதவு அடைபடும்.

முடிவு எழுதும்போது "பலன் இல்லை", "பலன் தெரியவில்லை" இரண்டையும் குழப்பாதீர்கள். பள்ளிகள் குறைவாக இருந்தால் நிஜமான பலன்கூடக் கண்ணுக்குத் தெரியாது, அப்போது உண்மை எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று எண்ணோடு சொல்ல வேண்டும். நல்ல பலன் வந்தாலும் அது எவ்வளவு நாள் நிற்கிறது என்று பின்தொடர வேண்டும். டக்ளஸ் கிளெமெண்ட்ஸ், ஜூலி சராமா இருவரும் மழலையர் கணிதத் திட்டத்தில் பார்த்ததைப் போல, ஆரம்பத்தில் கிடைத்த பெரிய முன்னேற்றம் அடுத்த வகுப்புகளில் சுருங்கிவிடும். அடுத்த வகுப்பு ஆசிரியர்களுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று சொல்லி உதவிய பள்ளிகளில் கூடுதலாகத் தங்கியது. இங்கேயும் விஷயம் ஆசிரியரிடம்தான் வந்து நிற்கிறது.

என்ன படிக்க வேண்டும் என்று கேட்டால், புள்ளியியலை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், குறிப்பாகப் பள்ளி, வகுப்பு, பிள்ளை என்று அடுக்கடுக்காக இருக்கிற தரவை அலசும் முறைகளையும், ஒரு வினாத்தாள் அளக்க வேண்டியதை அளக்கிறதா என்று பார்க்கும் அளவீட்டுக் கோட்பாட்டையும். கணினியில் தரவு அலசும் மென்பொருள் ஏதாவது ஒன்று கைவசம் இருக்கட்டும், எது என்பது முக்கியமில்லை. முனைவர் பட்டம் இல்லாமலும் ஆய்வு உதவியாளராகச் சேரலாம், ஆனால் ஆய்வை நீங்களே வடிவமைக்க வேண்டுமென்றால் பட்டம் தேவைப்படும். வகுப்பில் நின்ற வருஷங்களை வீணாகப்போனதாக நினைக்காதீர்கள். புள்ளியியல் மட்டும் தெரிந்தவர் அந்த 4/5, 5/6 பேச்சைக் கேட்டால் ஒரு பையன் தப்பாகச் சொன்னான், அப்புறம் திருத்திக்கொண்டான் என்று கடந்துபோவார். உங்கள் காதில் அது வேறு மாதிரி விழும்.

வேலையை விடுவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். பெற்றோரிடம் அனுமதி வாங்கி, உங்கள் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்குகிற சில பிள்ளைகளைத் தனித்தனியாக உட்கார வைத்து, பின்னத்தையோ தசமத்தையோ பற்றி ஒரு கணக்குக் கொடுத்து, எப்படி யோசித்தாய் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். திருத்தாதீர்கள், உதவாதீர்கள், கேட்டுக்கொண்டே இருங்கள், ஆசிரியராக இருந்து பழகியவருக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். பதிவை இரண்டு சக ஆசிரியர்களிடம் கொடுத்து, இந்தப் பிள்ளைக்கு என்ன புரிந்திருக்கிறது, என்ன புரியவில்லை என்று ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள். நீங்களும் தனியாக எழுதி, மூன்று பேர் எழுதியதிலும் ஒத்துப்போகாத இடங்களைக் குறித்து, ஏன் என்று உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சு உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக வாருங்கள், மேற்படிப்புக்கான விண்ணப்பத்திலும் அதைப் பற்றியே எழுதுங்கள்.